சி.டி. ஸ்கேனுக்கு முன்: கதிர்வீச்சு அச்சத்துக்கு எப்படிப் பதில் சொல்வது?

ஸ்கேன் அறையில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் தொழில்நுட்பருக்கும் செவிலியருக்கும் இது எழுதப்படுகிறது. "ஒன்றும் ஆகாது" என்ற சொல்லை இன்றே விட்டுவிடுங்கள்; அது பாதி உண்மைதான் என்பதை நோயாளி நம் முகத்திலேயே கண்டுகொள்வார்.

படி 1: அச்சம் எதைப் பற்றியது என்று கேளுங்கள். "கதிர் உடம்புலயே தங்கிடுமா?" என்பதே பெரும்பாலும் கேள்வியாக இருக்கும். சி.டி. கருவியில் கதிரை உண்டாக்கும் எக்ஸ்ரே குழாய் நின்ற கணமே கதிரும் நின்றுவிடும், உடலில் எதுவும் மிஞ்சாது. பெட் ஸ்கேன் போன்றவை வேறு: அவற்றில் உடலுக்குள் செலுத்தும் மருந்தே கதிரை வெளியிடும். எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் இவ்வகைக் கதிர்வீச்சே கிடையாது.

படி 2: அளவை நாள்கணக்கில் சொல்லுங்கள். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு இயற்கையாகவே கிடைக்கிறது. மார்பு எக்ஸ்ரே சுமார் 0.1, அதாவது இயற்கையில் ஏறத்தாழ 15 நாளில் கிடைப்பது, தலை சி.டி. சுமார் 2, அதாவது பத்து மாதம், வயிற்று சி.டி. சுமார் 8, மூன்று ஆண்டுக்கும் மேல். கருவியையும் உடல்வாகையும் பொறுத்து இவை மாறும். 'மில்லிசீவர்ட்' நமக்கான சொல். நோயாளியிடம் நாள், மாதம் என்றே பேசுங்கள்.

படி 3: ஆபத்தை மறைக்காதீர்கள். 10 மில்லிசீவர்ட் பெறும் 2000 பேரில் ஒருவருக்கு, பிற்காலத்தில் உயிரைப் பறிக்கும் புற்றுநோய் கூடுதலாக வரலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களிடம் அதிக அளவுகளில் கண்டதைக் குறைந்த அளவுகளுக்கும் நீட்டிப் போட்ட கணக்கு என்பதால், அதைத் துல்லியமானதாகக் காட்ட வேண்டாம். உடனே மறுபக்கத்தையும் சொல்லுங்கள்: தலையில் அடிபட்டு வாந்தி எடுப்பவருக்கு, உள்ளே இரத்தம் கசிவது தெரியாமல் போவதே இன்றைய ஆபத்து.

படி 4: கர்ப்பமா என்று தனியே அழைத்துக் கேளுங்கள், மாமியார் முன்னால் அல்ல. வேறெங்காவது எடுத்த பழைய படங்கள் இருந்தால் வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள். அதே ஸ்கேனை மறுபடி எடுக்காமலிருப்பதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

படி 5: மருந்து ஊசி போடுமுன் எச்சரியுங்கள். படம் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்தும் அயோடின் மருந்து ஏறும்போது தொண்டையிலும் அடிவயிற்றிலும் சூடு பரவும். சிறுநீர் கழிந்துவிட்டதுபோலவும் தோன்றும். ஒருமுறை இதை நான் சொல்ல மறந்தபோது, ஒரு பாட்டி "கதிர் சுடுதுய்யா" என்று மேசையிலிருந்து எழுந்துவிட்டார். படம் கலங்கி, ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.