ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்த அரசுக் கடன்: நிபந்தனைகளை வகுக்கும் முறை

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், தடுப்பணை போன்ற பாசனப் பணிகளுக்கு மாநில அரசு கடன் பெறும் முக்கிய வழிகளுள் ஒன்று, வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டின் ஊரகக் கட்டமைப்பு மேம்பாட்டு நிதி. 1995-96இல் தொடங்கப்பட்ட இந்நிதிக்கான பணம், வேளாண்மை, சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கான கடன் இலக்கை எட்டாத வணிக வங்கிகள் செலுத்தும் வைப்புத்தொகையிலிருந்து வருகிறது. பாசனப் பணியின் மதிப்பீட்டில் 95 விழுக்காடு வரை கடன் கிடைக்கும். வட்டி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி வீதமான பேங்க் ரேட்டைவிட 1.5 விழுக்காட்டுப் புள்ளி குறைவு. அசல் கட்டத் தேவையில்லாத 2 ஆண்டு சலுகைக் காலம் உட்பட 7 ஆண்டுகளுக்குள் கடனை அடைக்க வேண்டும். இவை முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. எவ்வளவு கேட்பது, எந்த மாதத்தில் எடுப்பது, எதை அளந்து பணத்தை விடுவிப்பது, பணி முடிந்தபின் யார் பராமரிப்பது என்பவற்றைத் திட்ட அறிக்கை எழுதுபவர்தான் தீர்மானிக்கிறார். கடன் பயன்படுவதும் வீணாவதும் பெரும்பாலும் இந்தப் பகுதியைப் பொறுத்தே அமைகின்றன.

முதலில் ரூபாய்க் கணக்கைத் தள்ளிவைத்துத் தண்ணீரைக் கணக்கிட வேண்டும். வண்டல் படிந்த ஓர் ஏரியின் கொள்ளளவை 6 மில்லியன் கன அடி கூட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மில்லியன் கன அடி நீர் ஏறத்தாழ 6 ஏக்கர் நெல்லுக்குப் போதும் என்பது பாசனத் துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. ஆகவே ஏரி ஒருமுறை நிரம்பினால், கூடுதல் நீர் 36 ஏக்கர் அளவுக்குப் பாயும். மதிப்பீடு 1 கோடி ரூபாய், கடன் 95 லட்சம், வட்டி 5 விழுக்காடு என்று கொண்டால், சலுகைக் காலத்தில் ஆண்டுக்கு 4.75 லட்சம் வட்டி ஏறும். பிறகு 5 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 19 லட்சம் அசலும், குறைந்துவரும் வட்டியும் கட்ட வேண்டும். அசலை மட்டும் அந்த 36 ஏக்கருக்குப் பங்கிட்டாலே ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 53,000 ரூபாய் ஆகிறது. இதை எந்த நெல் விவசாயியாலும் கட்ட முடியாது. ஆகவே, விவசாயிகளிடம் வசூலித்துக் கடனை அடைப்போம் என்று அறிக்கையில் எழுதுவது, எழுதும்போதே பொய்யென்று தெரிந்த வாசகம். கடன் மாநிலக் கருவூலத்தின் பொறுப்பு என்று வெளிப்படையாக எழுதிவிட்டு, நிலத்தடி நீர் ஏறுவதும் கிணற்றுப் பாசனம் நிலைப்பதும் அச்செலவுக்கு ஈடாகுமா என்று பார்ப்பதே முறை.

அடுத்து காலம். இங்கேதான் பெரும்பாலான அறிக்கைகள் சறுக்குகின்றன. 6 மில்லியன் கன அடி மண்ணை அள்ள, மூன்று யூனிட், அதாவது 300 கன அடி, கொள்ளும் டிப்பர் 20,000 நடை அடிக்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்து ஏரி வற்றும் மார்ச்சுக்கும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கும் இடையில் உருப்படியாக 150 வேலை நாட்கள் கிடைத்தால் பெரிது. ஒரே பருவத்தில் முடிக்க நாளொன்றுக்கு 133 நடை ஓட வேண்டும். கிராமத்து வண்டிப்பாதை அதைத் தாங்காது. ஆகவே இரண்டு கோடைகள் தேவை. சலுகைக் காலமும் சரியாக அவ்வளவுதான். முதல் தொகையை நவம்பரில் எடுத்தால் ஏரி நிறைய நீரும் பொறியாளர் கையில் பணமுமாக நான்கு மாதங்கள் வட்டி ஓடும். ஒப்பந்தப்புள்ளியை ஜனவரிக்குள் முடித்து, தொடக்க முன்பணத்தைப் பிப்ரவரி கடைசியில் எடுப்பதென்று அட்டவணையிலேயே எழுதிவிடுவது நல்லது. வயலுக்கு வண்டல் எடுக்க விவசாயிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டிருந்தால், அவர்கள் எடுத்துச் செல்லும் அளவை மதிப்பீட்டிலிருந்து கழித்துவிட்டுக் கடன் கேட்க வேண்டும். இல்லையெனில் ஒரே மண்ணுக்கு இரண்டு கணக்கு எழுதப்படும்.

தொடக்க முன்பணம் போக மீதித் தொகை, மாநில அரசு செலவு செய்துகாட்டிய பிறகே ஈடுசெய்யப்படும் என்பதால், எதை ஆதாரமாகக் காட்டுவது என்பது முக்கியமான நிபந்தனை. கரையை உயர்த்தியதையும் மதகைக் கட்டியதையும் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். தோண்டிய பள்ளத்தை அப்படிப் பார்க்க இயலாது. ஒரு மழை போதும், அளவுப் புத்தகத்தில் உள்ளதுதான் உண்மை என்றாகிவிடும். ஆகவே பணிக்கு முன் எடுத்த லெவலும் (தரைமட்ட அளவும்) செப்டம்பர் இறுதிக்குள் எடுத்த லெவலும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தினர் முன்னிலையில் எடுக்கப்பட்டு, அவர்களது கையொப்பத்துடன் இருந்தால்தான் தூர்வாரும் பகுதிக்குப் பணம் கோரலாம் என்று எழுத வேண்டும். ஏரி நிறைந்ததும் மிகைநீர் வழிந்தோடும் கலிங்கின் மட்டத்தை நிலையான குறியாகக் கொண்டு அளப்பது எல்லோருக்கும் விளங்கும். ஊர்ப் பெரியவர்கள் ஏரியின் நிறைவை எப்போதும் கலிங்கை வைத்தே சொல்கிறார்கள்.

சட்டச் சடங்குகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். மத்திய அரசுக்குத் தர வேண்டிய கடன் நிலுவையில் இருக்கும் மாநிலம், அரசமைப்புச் சட்டத்தின் 293(3)ஆவது பிரிவின்படி மத்திய அரசின் இசைவு பெற்றே புதுக் கடன் வாங்க முடியும். இது நிதித் துறையின் வேலை. திட்டத்தை முன்மொழிபவர், தன் பணி அந்த ஆண்டுக்கான கடன் வரம்புக்குள் வருகிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டால் போதும்.

கடைசியாகப் பராமரிப்பு. கடன் 7 ஆண்டுகள் ஓடும். மதகின் திருகாணிக்கு கிரீஸ் போடாவிட்டால் மூன்றாம் ஆண்டே ஷட்டர் இறுகிவிடும். பிறகு யாராவது கடப்பாரையால் நெம்புவார், தகடு வளையும், தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். 2000ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அமைந்த சங்கம் அந்த ஏரிக்கு இருந்தால், ஆண்டுதோறும் பங்குனியில் ஷட்டரைக் கழற்றிப் பார்ப்பது, வரத்துக் கால்வாயைச் செதுக்குவது, கலிங்கின் விரிசலைப் பூசுவது என மூன்று வேலைகளைப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தொகையும் பொறுப்பாளரும் குறித்து, கடன் அறிக்கையின் இணைப்பாகவே சேர்க்க வேண்டும். அத்தொகை கடனிலிருந்து வரக்கூடாது. ஏக்கருக்குச் சில நூறு ரூபாயென்றால் விவசாயிகள் தருவார்கள். மடை திறக்கும் நாளுக்கு முன் கேட்டால் தயங்காமல் தருவார்கள்.