பணியில் இறந்த காவலரின் வீட்டுக் கதையை எழுதிவைப்பது எப்படி?

“அப்பா குறட்டை விடுவாரா?” என்று என் மகள் ஒரு நாள் கேட்டாள். விடுவார் என்றான் மகன். கிடையவே கிடையாது என்றேன் நான். இருவருக்கும் சண்டையே வந்துவிட்டது. பிறகுதான் உறைத்தது: இரவுப் பணி முடித்துவந்து பகலில் தூங்கும் அப்பாவின் பக்கத்தில் படுத்துக் கிடந்தவன் அவன். நான் அந்நேரம் தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்திருப்பேன். மோட்டார் சத்தத்தில் குறட்டை எங்கே கேட்கும்?

என் கணவர் தலைமைக் காவலர். 2020 பிப்ரவரியில் ஓர் இரவு, நாற்கரச் சாலையில் வாகனச் சோதனைக்கு நின்றவர் மீது லாரி ஏறிவிட்டது. மகனுக்கு அப்போது எட்டு வயது, மகளுக்கு மூன்று. மறுநாள் செய்தியில் அவருக்கு நான்கு வரி கிடைத்தது. அதில் வயதும் தவறு, சொந்த ஊரும் தவறு. துறை குறைவில்லாமல் வழியனுப்பியது. மரியாதைக் குண்டுகள் வெடித்தபோது மகன் காதைப் பொத்திக்கொண்டான். ஆனால் குறட்டை விடுவாரா என்பதற்கு எந்தக் கோப்பிலும் பதில் இல்லை. அதனால் ஒரு 192 பக்க நோட்டு வாங்கி நானே எழுதத் தொடங்கினேன். அதைப் பார்த்து, பாளையங்கோட்டை காவலர் குடியிருப்பின் லைன் வீடுகளில் என்னோடு இருந்த இரண்டு பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களுக்கும் எழுத வழி கேட்டார்கள், வாயால் சொன்னேன். மூன்றாவதாக வேறு மாவட்டத்திலிருந்து ஒரு சின்னப் பெண் போனில் கேட்டாள். அவளுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதம் எழுத உட்காராதீர்கள். கை ஓடாது. ஓடினாலும் அழுகைதான் எழுத்தாக வரும். அந்த மாதங்களில் செய்ய வேண்டியது, கைவிட்டுப் போகக்கூடியவற்றைப் பிடித்து வைப்பது மட்டும்.

அதில் முதலாவது செல்போன். துறை கொடுத்த சிம் கார்டைத் திருப்பிக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அவருடைய சொந்த எண்ணை விட்டுவிடாதீர்கள். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். பிறகு அந்த எண் வேறு யாருக்கோ போய்விடும். சம்பவ இடத்தில் போன் அவர் சட்டைப் பையில் இருந்திருந்தால் அது வழக்குச் சொத்து. படிவம் 95-இல் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பியிருப்பார்கள். வக்கீல் மூலம் மனுப்போட்டு வாங்க வேண்டும். எங்களுடையது எட்டு மாதம் கழித்து வந்தது, திரை நொறுங்கி, பேட்டரி உப்பி. திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் போன் பழுது பார்க்கும் பையன் ஒருவன் உள்ளே இருந்ததை எடுத்துக் கொடுத்தான். நாற்பத்தோரு குரல் பதிவுகள். பாதிக்கு மேல் “கிளம்பிவிட்டேன், தாழ்ப்பாள் போடாதே” என்பதுதான். அவற்றை இரண்டு இடங்களில் பதிந்து வைத்திருக்கிறேன். நீங்களும் இரண்டு இடங்களில் வையுங்கள்.

இரண்டாவது, அழுக்குக் கூடை. துக்கத்துக்கு வந்த உறவுப் பெண்கள் சும்மா இருக்க முடியாமல் துணியையெல்லாம் துவைத்துப் போட்டுவிடுவார்கள். நல்ல மனதோடுதான் செய்வார்கள். என் வீட்டில் மூன்றாம் நாளே எல்லாம் கொடியில் தொங்கியது. ஒரு காக்கிச் சட்டையையாவது எடுத்துப் பீரோவில் பூட்டுங்கள். பைகளில் இருந்ததைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் பையில் இருந்தவை: வயிற்றெரிச்சல் மாத்திரை அரை அட்டை, நாள்காட்டித் தாளில் மடித்த திருநீறு, ஒரு பஸ் டிக்கெட், மகளின் ஒற்றைக் கொலுசுத் திருகு. அந்தத் திருகைத் தேடி இரண்டு வாரம் வீட்டைப் புரட்டியிருக்கிறேன். கடையில் காட்டி மாற்றுத் திருகு வாங்க எடுத்துப் போனாராம். இது யாருக்கும் சொல்லும்படியான செய்தியில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் இதைத்தான் எழுதினேன்.

இறப்புச் சான்றிதழ், இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம், மூன்று வருடத்துக்குள் கொடுக்க வேண்டிய கருணை வேலை விண்ணப்பம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: எந்தத் தாளுக்கு நகல் எடுத்தாலும் நோட்டுக்கென ஒரு நகல் கூடுதலாக எடுங்கள்.

இனி எழுதும் வேலை. நினைவிலிருந்து தொடங்காதீர்கள். நினைவு அவரை நல்லவராக்கிக்கொண்டே போகும். வீட்டுக் கணக்குகளிலிருந்து தொடங்குங்கள்.

எங்கள் வீட்டில் அவர் இருந்தால் பால் முக்கால் லிட்டர், இல்லாவிட்டால் அரை. பால்காரர் நோட்டில் நான் எழுதிவந்த “½” எல்லாம் அவர் வீட்டில் இல்லாத நாட்கள். தென்மாவட்டக் காவலர் வீடுகளுக்குத் தனிப் பஞ்சாங்கம் உண்டு. செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை, இடையிலோ முன்னே பின்னேயோ குலசேகரன்பட்டினம் தசரா, தீபாவளி முடிந்து ஆறேழு நாளில் திருச்செந்தூர் சூரசம்ஹாரம். எல்லாவற்றுக்கும் பந்தோபஸ்து. 2016-இல் தீபாவளி அக்டோபர் 29, சனிக்கிழமை. மறுநாள் பசும்பொன் குருபூஜை. பால் நோட்டில் 27 முதல் 31 வரை வரிசையாக அரை, அரை, அரை. அந்தத் தீபாவளிக்கு நான் அவருக்குத் தைத்த சட்டையை நவம்பர் முதல் தேதி போட்டுக்கொண்டு, வாசலில் ஒற்றைப் புஸ்வாணம் கொளுத்தினார். பக்கத்து வீட்டு எஸ்.ஐ. சிரித்தது வரைக்கும் எனக்கு நினைவு வந்துவிட்டது. அந்த ஐந்து அரைகளைப் பார்க்காமல் இருந்தால் இது எனக்கு எட்டியே இருக்காது.

2018-ஆம் ஆண்டு முழுவதையும் எண்ணினேன். 131 அரை லிட்டர் நாட்கள். காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற அரசாணை 2021 நவம்பரில் வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று பால் நோட்டை நான் தொடவில்லை.

எனக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அவருடைய சீருடையை நான்தான் தைத்தேன், அளவு நோட்டும் நான்தான் வைத்திருந்தேன். 2009-இல் கல்யாணமான புதிதில் இடுப்பு 30. ஏ.ஆர். என்ற ஆயுதப்படையிலிருந்து காவல் நிலையத்துக்கு வந்து, நிலைய எழுத்து வேலை பார்க்கும் ரைட்டருக்கு உதவியாக உட்கார்ந்த பிறகு 34. 2018-இல் 36. அந்த வருடம்தான் அவர் தலைமைக் காவலரானார், சட்டைக் கையில் இரண்டு பட்டையைப் பிரித்து மூன்று பட்டை வைத்துத் தைத்தேன். இடது கையில் ஒரு நூல் கோணலாக இருக்கிறது என்று பிரிக்கச் சொன்னார். உமக்குத்தான் தெரியும், ஊருக்கா தெரியப்போகிறது என்றேன். “ஏட்டையா என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்குமே” என்றார். பிரித்துத் தைத்தேன். கடைசி அளவு 2020 ஜனவரி, 35. சர்க்கரை இருப்பதாகத் தெரிந்து வ.உ.சி. மைதானத்தில் நடக்கத் தொடங்கியிருந்தார். அந்த ஓர் அங்குலத்தைப் பிடித்து உள்ளே மடித்துத் தைத்த கால்சட்டை இன்னும் இருக்கிறது.

உங்கள் வீட்டில் அளவு நோட்டு இருக்காது. மளிகைப் பற்று நோட்டு, சீட்டுக் கணக்கு, பள்ளி டைரியில் பெற்றோர் கையெழுத்து, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று ஏதாவது இருக்கும். டைரியில் அவர் கையெழுத்து எந்த மாதங்களில் இல்லை என்று பாருங்கள். கேள்வி அங்கிருந்து பிறக்கும்.

அடுத்து பணிப்பதிவேடு. ஓய்வூதியக் கோப்புக்காக அது எப்படியும் வெளியே வரும். அப்போது அலுவலக எழுத்து வேலை பார்க்கும் அமைச்சுப் பணியாளரிடம் பொறுமையாகக் கேட்டுப் படித்துப் பாருங்கள். ஜி.எஸ்.இ. என்ற நற்பணிக் குறிப்பு, பண வெகுமதி என்று வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் தண்டனைப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். என் கணவருக்கு ஒரு 3(அ), அதாவது சிறு தண்டனைக்கான விதியில் ஒரு நடவடிக்கை, இருந்தது. கண்டனம். தேதியைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது: 5.12.2016. என் மகள் பிறந்த நாள். முந்தைய நாள் மாலை முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு மாரடைப்பு என்ற செய்தி வந்து, காவலர் அனைவரும் காலை ஏழு மணிக்குச் சீருடையில் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு. இவர் பிரசவ வார்டு வாசலில் சாயங்காலம் நான்கு வரை இருந்தார். என்னிடம் “அனுமதி வாங்கிவிட்டேன்” என்றார். வாங்கவில்லை என்பதை இறந்தவரின் பதிவேட்டில் படித்துத் தெரிந்துகொண்டேன். கோபம் வந்தது, அவர் மேல்தான். மகளுக்கு அந்தப் பக்கத்தின் நகலை ஒட்டி வைத்திருக்கிறேன்.

இனி ஆட்களிடம் கேட்பது. இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள், நானும் தவறினேன். கூட வேலை பார்த்தவரிடம் போய் “அவரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் “தங்கமான மனுஷன், மதினி” என்பார். அடுத்து கண்ணைத் துடைப்பார். நீங்களும் துடைப்பீர்கள். நோட்டில் ஒரு வரியும் ஏறாது. சின்னதாகக் கேளுங்கள். இரவு ரோந்தில் எந்தக் கடையில் டீ? யாரிடம் கடன் வாங்குவார்? பாரா (காவல்) நிற்கும்போது என்ன முணுமுணுப்பார்? எந்த அதிகாரியைப் பார்த்தால் பதுங்குவார்? இப்படிக் கேட்டபோதுதான், சிறப்புக் காவல் படை பட்டாலியன் காலத்தில் மணிமுத்தாற்றில் இவருடன் ஒரே அறையில் இருந்தவர், இவர் நாய்க்குப் பயந்து சுற்றுவழியாகக் கழிவறைக்குப் போவார் என்று சொன்னார். பதினோரு வருடம் குடும்பம் நடத்திய எனக்குத் தெரியாது. தெருநாயைக் கண்டால் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். பாசம் என்று நினைத்திருந்தேன்.

அவரோடு பேச்சு வார்த்தை இல்லாதவர் ஒருவரையாவது பாருங்கள். பந்தோபஸ்து மாற்றிப் போட்டதில் இவருடன் முறைத்துக்கொண்ட ஒருவர், முகத்துக்கு நேரே, “கணக்குப் பார்க்கிற ஆள், ஒரு டீக்குக் கூடத் தன் பையிலிருந்து காசு எடுக்கமாட்டார்” என்றார். உண்மைதான். வீட்டிலும் அப்படித்தான்.

மாமியாரிடம் கேட்கும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் இருக்காதீர்கள். பேரப்பிள்ளையை அனுப்புங்கள். மருமகள் காதுக்கு ஒரு கதை, பேரன் காதுக்கு வேறொரு கதை. நோட்டுக்கு வேண்டியது இரண்டாவது.

எதை விடுவது என்று கேட்பீர்கள். அவர் வேலையில் கேட்ட பிறர் வீட்டு ரகசியங்கள், வழக்கு விவரங்கள் எதையும் எழுதாதீர்கள். அவை அவருடையவை அல்ல. விபத்து இழப்பீட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தால் நோட்டை வெளியே காட்டுவதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றபடி அவருடைய குறைகளை விடாதீர்கள். இவர் ஒரு முறை மகனை லத்திப் பிரம்பால் அடித்தார். பதினாறு மணி நேரப் பணி முடிந்து வந்த நாள். மறுநாள் அவனுக்குச் சைக்கிள் வாங்கி வந்தார். இரண்டையும் எழுதலாமா என்று மகனிடம் கேட்டேன். “அடித்ததை எழுது, சைக்கிள் சிவப்பு என்றும் எழுது” என்றான்.

இறந்த இரவுக்கு நான் இரண்டு வரி கொடுத்தேன். முதல் தகவல் அறிக்கையின் நகல் உறையில் இருக்கிறது. பிள்ளைகள் பெரியவர்களானதும் பிரித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 21-க்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 1959-இல் அதே நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் தாக்கியதில் பத்துக் காவலர்கள் இறந்தார்கள். அதனால்தான் அது காவலர் வீரவணக்க நாள். டெல்லி சாணக்கியபுரியில் 2018-இல் திறந்த தேசிய நினைவிடத்தில் முப்பதடி உயர ஒற்றைக் கருங்கல் நிற்கிறது, 238 டன். சுதந்திரத்துக்குப் பிறகு பணியில் உயிர்விட்ட 34,844 பேரின் பெயர்களோடு அதன் சுவரைத் திறந்தார்கள். பாளையங்கோட்டை ஆயுதப்படை மைதானத்தில் மலர்வளையம் வைக்க என்னை அழைத்தபோது இதையெல்லாம் மகனுக்குச் சொன்னேன். அவன் கேட்டது, “அத்தனை பேர் வீட்டிலும் யாராவது நோட்டு போட்டிருப்பார்களா?”

அப்பாவின் காவலர் எண் இப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் தோளில் இருக்கிறது. அதையும் ஒரு வரி எழுதினேன்.

நோட்டில் ஒவ்வொரு இடது பக்கத்தையும் காலியாக விடுங்கள். மற்றவர்கள் திருத்துவதற்கு. மாமியார் இரண்டு இடங்களில் பேரனை விட்டு எழுத வைத்திருக்கிறார், இரண்டிலும் நான் சொன்னது தவறாம். பதினேழாம் பக்கத்துக்கு எதிரில் மகன் பென்சிலால் எழுதியிருக்கிறான்: “குறட்டை உண்டு. பகலில் மட்டும். மல்லாந்து படுத்தால் அதிகம்.”