கைபேசியில் தெரியாமல் போன தமிழ்: சரிசெய்த விதம்

சிறு கடைகளுக்கு இணையதளமும் லோகோவும் வடிவமைத்துத் தருவது எங்கள் தொழில். மதுரையில் ஒரு பலகாரக் கடையின் உரிமையாளர், துண்டறிக்கைக்காக அச்சகத்தில் தட்டச்சு செய்த கோப்பை அனுப்பியிருந்தார். பாமினி எழுத்துரு. அவர் கணினியில் அழகான தமிழ். தளத்தில் ஏற்றியதும் கைபேசியில் வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.

இத்தகைய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. எழுத்துரு இல்லாத கருவியில் அந்த முகமூடி கழன்றுவிடும். பாமினியையே தளத்தோடு இணைத்துவிடலாம் என்பார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கூகுளுக்கு அது தமிழே அல்ல. அதிரசம் தேடுபவருக்குக் கடை எப்படிக் கிடைக்கும்?

உரை முழுவதையும் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு மாற்றினேன். இலவச மாற்றிகள் உண்டு. ஆனால் அவை மின்னஞ்சல் முகவரியையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். ஆங்கிலத்தில் உள்ளவற்றை முன்பே தனியே எடுத்து வைப்பது நல்லது. அடுத்து கொ, கோ வரிசை. பாமினியில் கொம்பு முதலில் வரும். யூனிகோடில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால்தான் பதிவாகும். பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். ஆகவே அச்சுத்தாளை அருகில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன்.

பிறகு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இட்டு, வரி உயரத்தை 1.7 ஆக்கினேன். மேல்வரியின் கீழ்ச் சுழியும் அடுத்த வரியின் மேல் விலங்கும் ஒன்றோடொன்று மோதவில்லை. பெட்டி லேபிளுக்கும் அதே உரையை அச்சகத்துக்கு அனுப்பினோம்.