இன்டர்வியூ உடை: இரண்டு நாள் முன்பே தொடங்குங்கள்

என் முதல் இன்டர்வியூவுக்குப் புதுச் சட்டையைப் பாக்கெட்டிலிருந்து பிரித்து அப்படியே போட்டுக்கொண்டு போனேன். நெஞ்சில் மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக நின்றன. எடுக்க மறந்த குண்டூசி ஒன்று, பதில் சொல்லத் தலையைத் திருப்பும்போதெல்லாம் கழுத்தில் குத்தியது. அதனால் புதுச் சட்டை என்றால் முதலில் ஒருமுறை துவைத்துவிடுங்கள்.

படி 1: இரண்டு நாள் முன்பே எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். வெள்ளை அல்லது வெளிர் நீல முழுக்கைச் சட்டை, கருநீலம் அல்லது அடர் சாம்பல் பேன்ட் போதும். காலர் பட்டனைப் போட்ட பிறகும் உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். தோள் தையல் தோள்முனையில் நிற்க வேண்டும். கைப்பக்கம் இறங்கினால் அண்ணன் சட்டை என்று தெரிந்துவிடும். அப்புறம் நாற்காலியில் உட்காருங்கள். வயிற்றுப் பக்கம் பட்டன்களுக்கு நடுவே சட்டை வாய் பிளக்கிறதா? வேறு சட்டை பாருங்கள். பேன்ட் மேலேறிக் கால் தெரிகிறதா? நீளமான சாக்ஸ் வாங்குங்கள். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் பளிச்சென்று தெரியும். தோல் நிற பனியன் தெரியாது.

சுடிதார், சேலை என்றாலும் இதே ஒத்திகைதான். துப்பட்டாவைத் தோளில் பின் குத்திவிட்டால் பேசும்போது கை அதையே தேடாது.

படி 2: முதல் நாள் இரவு அயர்ன். அயர்ன் பெட்டியின் சூடு திருகும் குமிழில் மூன்று புள்ளி காட்டனுக்கு, இரண்டு புள்ளி பாலியஸ்டர் கலந்த துணிக்கு. துணியில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். முதலில் காலர்: முனையிலிருந்து நடுவுக்குத் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே தள்ளினால் சுருக்கமெல்லாம் முனையில் வந்து சேரும், அங்கேதான் எதிரில் இருப்பவர் கண் போகும். பிறகு தோள், மணிக்கட்டுப் பட்டை, கை, கடைசியாக உடம்பு. உடனே மடிக்காதீர்கள், ஹேங்கரில் ஆறட்டும். கரிப்பெட்டி அயர்ன் வண்டிக்குக் கொடுத்தால், வாங்கும்போதே சாம்பல் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: ஷூவும் பெல்ட்டும் ஒரே நிறம். பாலிஷ் இரவே.

படி 4: பஸ் நெரிசலையும் வியர்வையையும் கணக்குப் பண்ணி இருபது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். முகம் கழுவி, சட்டையைச் சரியாக உள்ளே விட்டு, சட்டைப் பையில் இருக்கும் பஸ் டிக்கெட்டை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போங்கள்.