கட்டாரில் இருப்பவர்களுக்கு: முற்றத்தில் வேம்பு வளர்க்கும் முறை

பௌத்தாலோக மாவத்தையில் வீதியை மூடி நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. கொழும்பில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையே போதும். தோஹாவில் இருக்கும் என் தம்பிக்கு ஆண்டு முழுக்க 100 மில்லிமீட்டர் கிடைப்பதே அரிது. அவன் வைத்த முதல் வேம்பு ஜூலையில் காய்ந்துபோனது. தினமும் தவறாமல் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். பிடுங்கிப் பார்த்தால், வேர் முழுக்க மேல்மண்ணிலேயே கிடந்தது. இரண்டாவது கன்றை, நான் வெள்ளவத்தையில் இருந்தபடி வீடியோ அழைப்பில் பார்த்துச் சொல்ல, அவன் வளர்த்தான். அது இப்போது மதிலைத் தாண்டி நிற்கிறது.

முதலில் மரம். தூங்குமூஞ்சிக்கு அங்கே தண்ணீர் கொடுத்து மாளாது. வேம்பு நல்லது, வாகையும் தாங்கும். மக்காவுக்கு அருகே அரபாத் வெளியில் ஹஜ் யாத்திரிகர்களுக்கு நிழல் தருபவையும் வேம்புகள்தான். முழங்கால் உயரக் கன்று போதும். சட்டியில் நெடுநாள் இருந்த பெரிய கன்றுக்கு வேர் சுருண்டிருக்கும்.

நடுவதற்கு ஒக்டோபர் கடைசி, நவம்பர்தான் காலம். அப்போது நட்டால் வெயில் ஏறுமுன் வேர் ஓட ஐந்தாறு மாதம் கிடைக்கும். மதிலிலிருந்தும் குழாய்களிலிருந்தும் நன்றாகத் தள்ளி இடம் பாருங்கள்.

குழி, சட்டி அளவு ஆழமும் அதைப்போல மூன்று மடங்கு அகலமும் இருக்கட்டும். தோண்டியதும் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். சில மணி நேரத்தில் வடியாவிட்டால் அடியில் இறுகிய படை இருக்கிறது; அலவாங்கால் அதை உடைத்துவிட்டுத்தான் நட வேண்டும். அப்புறம், தோண்டிய மண்ணாலேயே குழியை மூடுங்கள். குழிக்குள் மட்டும் எருவைக் கொட்டினால் வேர் அதைவிட்டு வெளியே போக மறுக்கும்.

இனி தண்ணீர். கன்று சாவதும் பிழைப்பதும் இதில்தான். கன்றைச் சுற்றி ஒரு மீற்றர் அகலத்துக்குப் பாத்தி கட்டுங்கள். முதல் மூன்று வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், வேரடியில் ஊற்றுங்கள். பிறகு இடைவெளியைக் கூட்டி, ஊற்றும் அளவையும் கூட்டுங்கள்: ஒரு தடவைக்கு நாலைந்து பெரிய வாளி. மறுநாள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் குத்துங்கள். ஈரம் உள்ள வரை கம்பி சுலபமாக இறங்கும். இரண்டடி இறங்கினால் சரி. ஈரம் போகும் ஆழத்துக்குத்தான் வேரும் போகும். முதல் கோடையில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை தேவைப்பட்டது. இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை போதுமாக இருந்தது. மரம் விரிய விரியப் பாத்தியையும் அகலமாக்குங்கள்.

இலை ஓரம் கருகினால் உப்பாக இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும் தண்ணீர் ஆவியாகி, உப்பை வேரருகே விட்டுவிடும். மாதம் ஒருமுறை இரட்டிப்பாக ஊற்றி அதைக் கீழே தள்ளுங்கள்.

பாத்தி மேல் காய்ந்த பேரீச்சை ஓலையைப் பரப்புங்கள், தண்டில் மட்டும் முட்டக்கூடாது. முதல் கோடையில் மேற்குப் பக்கம் ஒரு சாக்குத் தட்டி கட்டினால் பின்னேர வெயிலும் புழுதிக் காற்றும் நேரே அடிக்காது.

அடிக்கிளைகளை வெட்ட அவசரப்படாதீர்கள். இளந்தண்டில் நேரே வெயில் பட்டால் பட்டை வெடிக்கும். தம்பி மூன்றாம் ஆண்டில்தான் கத்தரியைக் கையில் எடுத்தான்.