முதலில் இருக்கை, அப்புறம்தான் மைல்

கிரெடிட் கார்டு பாயிண்ட்டுகளை விமான நிறுவன மைல்களாக (காசுக்குப் பதில் டிக்கெட் வாங்க உதவும் அந்த நிறுவனத்தின் வெகுமதிப் புள்ளிகளாக) மாற்றிவிட்டால், பெரும்பாலும் திரும்ப எடுக்க முடியாது. கூடுதல் போனஸ் தருகிறார்களே என்று அவசரப்பட்டு மாற்றிவிட்டு, பிசினஸ் கிளாஸில் இடமே கிடைக்காமல் விழித்தவன் நான். அதனால் முதலில் மைலுக்குக் கிடைக்கும் இருக்கையைத் தேடுங்கள். கண்ணில் பட்ட பிறகு மாற்றுங்கள்.

பறக்கும் நிறுவனத்தின் மைல்தான் வேண்டும் என்றில்லை. லுஃப்தான்சா, ஏர் கனடா இரண்டுமே ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால், லுஃப்தான்சா இருக்கையை ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளானின் பாயிண்ட்டுகளாலும் வாங்கலாம். இங்கேதான் சூட்சுமம். சில திட்டங்கள் மைல் டிக்கெட்டுக்கும் எரிபொருள் கட்டணம் என்று ஒரு பெரிய தொகையைக் கறந்துவிடும். ஏரோபிளான் 2020 நவம்பரிலிருந்து அதை வசூலிப்பதில்லை. வரிகளும் ஒரு சிறு முன்பதிவுக் கட்டணமும் மட்டும்தான்.

லாபமா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு. டிக்கெட் விலையிலிருந்து நீங்கள் கையிலிருந்து கட்டும் வரியைக் கழித்து, மீதியை மைல் எண்ணிக்கையால் வகுங்கள். விலை 3,000 டாலர், வரி 200, தேவை 70,000 மைல் என்றால் மைலுக்கு 4 சென்ட். அருமை! ஆனால் உங்கள் கார்டு 2 பாயிண்ட்டுக்கு 1 மைல்தான் தருகிறது என்றால், பாயிண்ட்டுக்கு 2 சென்ட்தான். (அந்த 3,000 டாலரைக் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்களா என்பது வேறு கதை.)

இன்னொன்று: கார்டிலும் மைல் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். எழுத்து மாறினால் மாற்றம் தடைபடலாம். அதற்குள் இருக்கை போய்விடும்.