‘கச்சிதமா இருக்குதுங்க’: சர்க்கரைக்காரர்கள் செருப்பு வாங்கும்போது செய்கிற தவறுகள்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த என் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) இருபது வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் புது ஷூ வாங்கிக் கொடுத்திருந்தோம். காலையில் மாட்டியவர், பந்தி, பங்காளி வீடு என்று சுற்றிவிட்டுப் பொழுதோடதான் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு தேங்காய்த்தொட்டிச் சில்லு விழுந்தது. முந்தின நாள் கொப்பரைக் களத்தோரம் ஷூவை வைத்திருந்தார். உள்ளங்காலில் தோல் கிழிந்து சாக்ஸ் நனைந்திருந்தது.

“வலிக்கலீங்களா அப்புச்சி?”

“ஒண்ணுமே தெரியலியே சாமி.”

நாள்பட்ட சர்க்கரை காலின் நரம்புகளைக் கெடுத்துவிடும். கல் குத்தினாலும் வார் அறுத்தாலும் சேதி மேலே போய்ச் சேராது. அப்படிப்பட்ட காலிடம் போய் ‘செருப்பு சரியா இருக்குதா?’ என்று கேட்பதுதான் முதல் தவறு. மரத்துப்போன காலுக்கு, இறுக்கிப் பிடிக்கிற செருப்புதான் போட்ட மாதிரியே இருக்கும். சரியான அளவு லொடலொடவென்று தோன்றும். அதனால் ஒரு சைஸ் சிறிதாக எடுத்து, “கச்சிதமா இருக்குதுங்க” என்று பில் போடச் சொல்லிவிடுவார்கள். அப்புச்சியும் அதைத்தான் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம்.

காலைக் கேட்காமல் காகிதத்தைக் கேளுங்கள். சாயங்காலமாக, கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்தில், ஒரு தாளின் மேல் எழுந்து நின்று இரண்டு பாதத்தையும் வேறொருவரை வரையச் சொல்லுங்கள். உட்கார்ந்து வரைந்தால் அளவு குறையும். வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய்ச் செருப்புக்குள் வையுங்கள். ஓரம் மடங்கினால் அது வேண்டாம். நீளமான விரலுக்கு முன்னால் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை இடம் இருக்க வேண்டும். எல்லோருக்கும் கட்டைவிரல்தான் நீளம் என்றில்லை, பலருக்கு இரண்டாவது விரல் முந்தும். இரண்டு காலும் ஒரே அளவாக இல்லாவிட்டால் பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

விரலிடுக்கில் வார் வைத்த ரப்பர் செருப்பு வேண்டாம். வார் உரசி விரலிடுக்கில் புண்ணாகும், அது கண்ணில் படவும் நாளாகும். இன்னொன்று, செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து போகிறவர்கள் உண்டு. அப்படி நடந்தால் நரம்பு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். பின்வார் வைத்து, வெல்க்ரோ ஒட்டுகிறதாக எடுங்கள். காடு தோட்டம் போகிறவர்களுக்கு முன்பக்கம் மூடியதுதான் நல்லது.

பொருட்காட்சியில் விற்கிற முள்ளுமுள்ளான அக்குபிரஷர் செருப்பைச் சர்க்கரைக்காரருக்குப் பரிசாக வாங்கிக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். உணர்ச்சியில்லாத காலுக்கு அது நாள் முழுக்கக் கல்லின் மேல் நடப்பது போலத்தான்.

மெத்தென்று இருந்தாலே ‘டயபடிக் செருப்பு’ ஆகிவிடாது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அடிவரைக்கும் அமுங்கிக் குழி விழுந்தால் அந்தப் பஞ்சு சீக்கிரம் தட்டையாகிவிடும். எம்.சி.ஆர். என்கிற மைக்ரோசெல்லுலர் ரப்பர் அமுங்கினாலும் திரும்ப எழும். வேலூரில் தொழுநோயாளிகளின் மரத்துப்போன கால்களுக்கு இப்படி மெத்தென்ற செருப்பு கொடுத்துப் புண்ணைத் தடுக்கப் பாடுபட்டவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். நோய் வேறானாலும் வலி தெரியாத கால் ஒன்றுதானே. ஆனால் எம்.சி.ஆர். மட்டும் போதாது, அடியில் கெட்டியான சோல் வேண்டும். இல்லாவிட்டால் சீமைக்கருவேல முள் நேராக உள்ளே வந்துவிடும்.

புதுச் செருப்பை முதல் நாளே ஊர் சுற்றப் போடாதீர்கள். ஒரு மணி நேரம் வீட்டுக்குள் நடந்து, கழற்றிக் காலைப் பாருங்கள். சிவந்த தடம் அரைமணியில் மறையவில்லை என்றால் அந்தச் செருப்பு ஆகாது. சாக்ஸில் தையல் தடித்திருந்தால் உள்வெளியாகப் போடலாம். திருப்பூர்க்காரர்களுக்குத் தையலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாக்ஸ் வெளிர் நிறமாக இருந்தால் ரத்தமோ சீழோ பட்டது உடனே தெரியும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சுடுகிறது, ஆனால் பெரிதாக வலியில்லை. உடனே பெரிய சைஸ் செருப்பு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். இது உள்ளே எலும்பும் மூட்டும் நொறுங்கத் தொடங்கியதாக இருக்கலாம், புண்ணிருந்தால் சீழ் வைத்ததாகவும் இருக்கலாம். நடையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். முன்பு புண் வந்தவர்கள், விரல் எடுத்தவர்கள், விரல் வளைந்தவர்கள் கடையில் தொங்குவதை வாங்கக் கூடாது. அவர்களுக்கு அளவெடுத்துச் செய்ததுதான் சரி.

அப்புறம் பழனி பாதயாத்திரை. சர்க்கரையை வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பேன் என்று வேண்டிக்கொள்ளாதீர்கள். செருப்பு போட்டு வந்ததற்காக முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். கோயிலுக்குள் கழற்றித்தான் ஆக வேண்டும். கல்தளம் கொதிக்கும் நேரத்தை விட்டு விடியற்காலையில் சாக்ஸோடு போங்கள்.

அந்தப் புண் ஆற மாதக்கணக்கானது. அதற்கப்புறம் அப்புச்சி ஷூவைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவாமல் காலை நுழைத்ததில்லை. பெரும்பாலும் மண்தான் விழும். ஒருநாள் தேள்குஞ்சு விழுந்தது.